சம்பூரில் காளைகளுக்கு மைதானம் கிடைத்தது; கூத்துக்குக் களரி எங்கே?

2024 ஆம் ஆண்டு திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கில் இரண்டு ஒன்றுகூடல்கள் நடந்தன. இரண்டுக்கும் இடையில் நான்கு மாதங்கள். நடந்த இடங்களுக்கு இடையில் சில கிலோமீற்றர்கள்தான்.

முதலாவது, ஜனவரி 6 ஆம் திகதி சம்பூரில் நடந்த ஜல்லிக்கட்டு. அப்போதைய கிழக்கு மாகாண ஆளுநர் செந்தில் தொண்டமானின் ஏற்பாட்டில் நடந்த பொங்கல் விழாவின் ஒரு பகுதி அது. இலங்கையில் இதுவே முதல் தடவை என்று பெருமையோடு சொல்லப்பட்டது. விழாவின் தொடர்ச்சியாகத் திருகோணமலை நகரில் 1008 பானைகளில் பொங்கல் வைக்கப்பட்டது. 1500 பரதநாட்டியக் கலைஞர்கள் ஒரே மைதானத்தில் ஆடினார்கள். வெளிநாட்டு விருந்தினர்களும் வந்திருந்தார்கள்.

இரண்டாவது, மே மாதம் சம்பூரின் அயலூரான சேனையூரில் நடந்தது. அங்கே காளை இல்லை, மேடை இல்லை. ஒரு பானைக் கஞ்சி இருந்தது. முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சியை ஊரவர்களுக்கு வழங்கியதற்காக மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் பொலிசார் கைது செய்தார்கள். நீதிமன்றத் தடையுத்தரவு காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்கள் மீது பாய்ந்தது, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்று 2007 இல் கொண்டுவரப்பட்ட சட்டம்.

ஒரே பிரதேசம், ஒரே மக்கள், ஒரே ஆண்டு. ஆயிரத்தெட்டுப் பானைக்கு அரசு விறகு கொடுத்தது. ஒற்றைப் பானையை அணைத்தது. வேறுபாடு பானையின் அளவில் இல்லை. அதை யார் ஏற்றினார்கள் என்பதில் இருக்கிறது. மக்கள் தாங்களாகக் கூடுவதற்கு இங்கே இடம் உண்டா என்பதே இந்த இரண்டு நிகழ்வுகளும் சேர்ந்து எழுப்பும் கேள்வி. நமது கூத்தும் கடற்கரைப் பாட்டும் ஏன் மெலிந்து போகின்றன என்பதற்கான பதிலும் அதே கேள்விக்குள்தான் கிடக்கிறது.

களரியும் கரையும்

கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள தமிழ்க் கிராமங்களில் பாட்டும் ஆட்டமும் வளர்ந்த இடங்கள் பல. அவற்றில் முக்கியமானவை இரண்டு: ஒன்று கூத்துக் களரி, மற்றது கரைவலை இழுக்கும் கடற்கரை.

கூத்து ஓர் இரவில் நடந்து முடிகிற நிகழ்ச்சியாக இருக்கவில்லை. அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும் காலத்தில் அண்ணாவியாரை அழைப்பார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். பிறகு மாதக்கணக்கில் இரவுகளில் பழக்கம் நடக்கும். மத்தளச் சத்தம் கேட்டதும் சிறுவர்கள் ஓடி வந்து களரியின் ஓரத்தில் குந்துவார்கள். அவர்களுக்கு யாரும் தனியாகக் கற்பிப்பதில்லை. மூன்று, நான்கு கூத்துகளைப் பழகக் கண்டவனுக்குத் தாளக்கட்டு காலில் ஏறியிருக்கும். அவனுக்கும் ஒருநாள் சதங்கை கட்டப்படும். வடமோடியும் தென்மோடியும் இப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போயின.

கரைவலையின் பாட்டு வேறு வகை. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாக வலையை வளைத்துக்கொண்டு மறுகயிற்றோடு கரைக்கு வரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் பிரிந்து நின்று இழுப்பார்கள். இரு பக்கமும் ஒரே அளவில் வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை சரியும், மீன் தப்பும். அதற்காகத்தான் அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சொல்லின் அழுத்தம் விழும் இடத்தில் கைகள் கயிற்றை இழுக்கும். மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டின் வேகமும் மாறும். அம்பா என்பது அலுப்புத் தீர்க்கும் பாட்டு மட்டுமில்லை, அதுவும் ஒரு தொழிற்கருவி.

கரைவலை இழுக்க உரிமையுள்ள கரைத்துண்டைக் கடற்றொழிலாளர்கள் 'பாடு' என்கிறார்கள். பாடு என்றால் இடம், பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் பாடு. மூன்றையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருக்கும் மொழி நமது. கரை கைவிட்டுப் போனால் பாட்டும் போகும் என்பதை இந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஒன்பது வருட வெற்றிடம்

2006 ஏப்ரல் 25 ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது குண்டுத் தாக்குதல் நடந்தது. அன்று மாலையே மூதூர் கிழக்கின் மீது விமானக் குண்டுகள் விழுந்தன. யூலையில் மாவிலாறு, ஓகஸ்டில் மூதூர், செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூர் என்று போர் நகர்ந்தது. மூதூர் நகரின் முஸ்லிம் மக்களும் அந்த ஓகஸ்டில் ஊரை விட்டு ஓடினார்கள். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை போன்ற ஊர்களின் தமிழ் மக்கள் வெருகல், வாகரை என்று நடந்து மட்டக்களப்பு முகாம்களை அடைந்தார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

2007 மே மாத இறுதியில் அவர்களுடைய ஊர்கள் அதியுயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு அனல் மின் நிலையம், முதலீட்டு வலயம், கடற்படை முகாம் என்று நிலத்துக்குப் புதுப்புதுச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015 மே மாதத்தில்தான் விடுவிக்கப்பட்டது. கடற்படை வைத்திருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் கையளிக்கப்பட்டது. இந்தியாவின் அனல் மின் திட்டம் அதே ஆண்டு கைவிடப்பட்டது.

இந்தத் திகதிகளை நிலக் கணக்காக நாம் பலமுறை எழுதிவிட்டோம். கலையின் கணக்காகப் பார்த்ததில்லை. எட்டு வயதில் ஊரை விட்டுப் போன ஒரு சிறுவன் பதினேழு, பதினெட்டு வயதில் திரும்பி வந்தான். களரியின் ஓரத்தில் குந்தியிருந்து பார்த்துப் பழகவேண்டிய வயது முழுவதும் தகரக் கொட்டிலில் கழிந்தது. இரவில் மத்தளம் அடித்தால் முகாம் காவலுக்குப் பதில் சொல்லவேண்டிய காலம் அது. திரும்பி வந்தபோது அவனுக்குச் சதங்கை கட்டும் வயது. காலில் தாளம் இல்லை. அண்ணாவிமாரில் சிலர் முகாமிலேயே முதுமையடைந்தார்கள். கூத்துப் பாடல்கள் எழுதிய கொப்பிகள் எத்தனை வீடுகளில் எரிந்தன, எத்தனை வழியில் நனைந்தன என்று எந்த இழப்பீட்டுப் படிவமும் கேட்கவில்லை. வீடு, வள்ளம், மாடு, தையல் மெசின் என்று நிரல் போட்ட படிவங்களில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

கரையிலும் இதே கதைதான். திரும்பி வந்தவர்களிடம் கரைவலை வாங்கப் பணம் இல்லை. இழுக்கப் போதிய ஆட்கள் இல்லை. இளைஞர்கள் மத்திய கிழக்குக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். கிழக்கிலும் வடக்கிலும் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய விஞ்ச் கயிற்றைச் சுற்றி இழுக்கிறது. அதை அனுமதிப்பதா தடுப்பதா என்று கடற்றொழிலாளர்களுக்குள்ளேயே தகராறு. விஞ்ச்சுக்கு அம்பா தேவையில்லை. இயந்திரத்தைக் குறை சொல்வதில் பயனும் இல்லை, இழுக்கும் கை இல்லாத சம்மாட்டி வேறு என்ன செய்வார்?

இங்கிலாந்தின் ஊர்த் தவறணை

இதே நிலை வேறு நாட்டுக்கு வந்தபோது என்ன நடந்தது? திருகோணமலைத் துறைமுகத்தை 1957 வரை கடற்படைத் தளமாக வைத்திருந்த இங்கிலாந்தையே பார்க்கலாம்.

இங்கிலாந்தின் நாட்டார் பாடல்கள் உயிரோடு இருந்த இடம் கிராமத்துத் தவறணை. அவர்கள் அதைப் 'பப்' என்பார்கள். பண்ணைக் கூலிகளும் மீனவர்களும் வேலை முடிந்து வந்து உட்காரும் இடம் அது. மேடை கிடையாது. பாடுபவர் தன் கதிரையிலிருந்தே பாடுவார், மற்றவர்கள் பின்பாட்டைத் தூக்குவார்கள். கிழக்குக் கரையிலுள்ள சபோக் மாவட்டத்தில் ஈஸ்ட்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர். அங்கே ஈல்ஸ் புட் என்று ஒரு தவறணை. 1939 இல் பிபிசி வானொலி அங்கே போய் ஊரவர்களின் சனிக்கிழமைப் பாட்டை ஒலிப்பதிவு செய்து ஒலிபரப்பியது. அவையை ஒழுங்குபடுத்த ஒருவர் இருந்தார். அவர் அழைக்கும் முறைப்படி ஒவ்வொருவராகப் பாடினார்கள். ஓட்டமாகப் பார்த்தால், நமது கோயில் வீதியில் வட்டமாக இருந்து பாடும் கூட்டத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. தவறணை முற்றங்களில் ஆடப்படும் மொறிஸ் நடனத்தில் காலில் மணி கட்டி, கையில் கோல் பிடித்து ஆடுகிறார்கள். நமது வசந்தன் கூத்தைக் கண்டவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அங்கும் தொழில் மாறியது, உழவு இயந்திரம் வந்தது, இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். சிசில் சார்ப் போன்றவர்கள் 1903 முதல் ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதிச் சேர்த்தார்கள். அது பெரிய சேவை. ஆனால் பாடசாலைக்குப் பொருத்தமாக்குவதற்காகச் சொற்கள் சுத்தம் செய்யப்பட்டன, பியானோ சேர்க்கப்பட்டது. பாட்டு புத்தகத்தில் தப்பியது. பாடும் வழக்கம் தப்பியது தவறணைகளில்தான்.

2003 இல் அங்கே ஒரு புதிய அனுமதிச் சட்டம் வந்தது. அதுவரை தவறணையில் இரண்டு பேர் வரை இசைக்க விசேட அனுமதி தேவைப்படவில்லை. புதிய சட்டத்தில் ஒருவர் நிகழ்ச்சியாகப் பாடினாலும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றாகியது. இசைக் கலைஞர்களும் ஊர்ப் பாடகர்களும் எதிர்த்தார்கள். மொறிஸ் நடனத்துக்கும் அதனோடு வரும் ஒலிபெருக்கியற்ற இசைக்கும் அந்தச் சட்டத்திலேயே விலக்கு எழுதவைத்தார்கள். ஒன்பது வருடங்கள் விடாமல் வாதாடி, 2012 இல் ஒலிபெருக்கி இல்லாத இசைக்குக் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை பெரும்பாலான தவறணைகளில் அனுமதி தேவையில்லை என்று சட்டத்தை மாற்றவைத்தார்கள். தவறணைகள் மூடப்பட்டுக் காணிகள் விற்கப்பட்டபோது, 2011 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டமொன்று இன்னொரு வழியைத் திறந்தது. ஊருக்கு முக்கியமான ஒரு கட்டடத்தை மக்கள் பட்டியலில் சேர்க்கலாம். அது விற்பனைக்கு வந்தால் பணம் திரட்டி வாங்க ஆறு மாத அவகாசம் கேட்கலாம். அதற்கு முன்பே, 2003 இல், கம்பிரியா மாவட்டத்தின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊர்மக்கள் கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் தவறணையை வாங்கியிருந்தார்கள்.

ஈஸ்ட்பிரிட்ஜ் ஊருக்கு அருகில்தான் சைஸ்வெல் அணுமின் நிலையங்கள் உள்ளன. அங்கே மூன்றாவது நிலையத்துக்கு 2022 இல் அனுமதி கிடைத்தது. ஊர்மக்கள் பகிரங்க விசாரணையில் ஆட்சேபித்தார்கள், தோற்றார்கள். அவர்களுக்கும் மின்சாரத் திட்டத்தின் புழுதி உண்டு. ஆனாலும் அவர்களுடைய ஊர் வேலிக்குள் போகவில்லை. தவறணை இன்றும் அங்கேயே நிற்கிறது, பாட்டும் கேட்கிறது. சம்பூரைப் போல ஊரை எறிகணையால் காலி செய்துவிட்டு அதன் மேல் மின் நிலையத்தின் வரைபடத்தை விரிக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு "அவர்கள் காப்பாற்றினார்கள், நாம் காப்பாற்றவில்லை" என்று நம்மை நாமே நொந்துகொள்வது நியாயமில்லை.

ஆனால் அவர்களிடமிருந்து எடுக்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு. அவர்கள் பாட்டைக் காப்பாற்ற விழா மட்டும் எடுக்கவில்லை. பாடும் இடத்துக்காகச் சட்டத்தோடு வாதாடினார்கள்.

நமக்கு மதுச்சாலை வேண்டாம்

இங்கே ஒரு தெளிவு தேவை. தவறணையைப் பற்றிப் பேசுவதால் மதுச்சாலைகளுக்குப் பரிந்துரை எழுதுவதாக யாரும் எண்ணவேண்டாம். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் மது எத்தனை குடும்பங்களை உடைத்திருக்கிறது என்பது ஒவ்வோர் ஊருக்கும் தெரியும். 2024 இல் மதுபான அனுமதிப்பத்திரங்கள் அரசியல் சலுகையாக வழங்கப்பட்டன என்று எழுந்த சர்ச்சையும் நினைவிருக்கும். விற்பனைக்கு இலகுவாகக் கிடைக்கும் அனுமதி, நினைவுகூரலுக்குக் கிடைப்பதில்லை. இன்றைய மதுச்சாலையில் குடித்துவிட்டுப் போகலாம். கூடியிருந்து பாடும் இடம் அது இல்லை.

இங்கிலாந்தின் தவறணை பாட்டுக்குக் கொடுத்தவை மூன்று. விலை கொடுக்காமல் கூடும் இடம். வேலை முடிந்த பின் ஒழிவான இரவு. யாரும் வந்து "யார் அனுமதி தந்தது?" என்று கேட்காத நிலை. நமக்கு இந்த மூன்றையும் களரியும் கோயில் வீதியும் கடற்கரை வாடியும் கொடுத்தன. நமது 'பப்' அவைதான்.

இந்த மூன்றில் இன்று எது மிஞ்சியிருக்கிறது? இடத்தைப் பார்த்தால், 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் சம்பூருக்கான 120 மெகாவாற் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். துறைமுகத்தின் மறுபக்கம் முத்துநகர் விவசாயிகள் வயலைச் சூரிய மின் கம்பனிகளிடம் இழந்து அதே ஆண்டு திருகோணமலையில் தொடர் போராட்டம் நடத்தினார்கள். இரவைப் பார்த்தால், ஒலிபெருக்கியை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்படுத்தும் உச்ச நீதிமன்ற உத்தரவு 2007 முதல் இருக்கிறது. அது எல்லோருக்கும் பொதுவான, நியாயமான உத்தரவுதான். ஆனால் விசேட அனுமதி கேட்டுப் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் அண்ணாவியாருக்கு, அந்தப் படியில் ஏறுவதே ஒரு விசாரணைக்குப் போவது போன்றது. அனுமதி கேட்காத நிலையைப் பற்றிச் சேனையூர்க் கஞ்சிப் பானை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

விழா எடுப்பவர் யார்?

கலாசாரம் மாகாண சபைக்குரிய விடயம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதி முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. மாகாணத்தின் விழாக்களைத் தீர்மானிப்பவர் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர். ஆகவே சம்பூருக்கு எது பொருத்தமான கலை என்று சம்பூரில் யாருக்கும் வாக்களிக்க வாய்ப்பில்லை. ஒரு ஆளுநருக்கு ஜல்லிக்கட்டு பிடிக்கும், அடுத்தவருக்கு வேறொன்று பிடிக்கலாம்.

ஜல்லிக்கட்டு தமிழர் விளையாட்டு இல்லை என்று இங்கே வாதாடவில்லை. தமிழ்நாட்டில் 2017 இல் அதற்காக இளைஞர்கள் மெரினாவில் கூடியபோது ஈழத்திலும் குரல் கொடுத்தோம். ஆனால் அங்கே மக்கள் கேட்டு அரசு இறங்கி வந்தது. இங்கே மக்கள் கேட்காததை அரசு கொண்டுவந்தது. அந்த மண்ணில் விளைந்த கூத்துக்கும் அம்பாவுக்கும் அதே அளவு மைதானமும் செலவும் ஒதுக்கப்பட்டிருந்தால் பேச்சு வேறு.

பழைய களரியைப் பொற்காலமாக்கவும் தேவையில்லை. யாருக்கு அரசன் வேடம், யார் மத்தளம் என்பதில் சாதி பேசிய ஊர்கள் உண்டு. பெண்கள் பார்வையாளராக மட்டும் இருந்தார்கள். போர்க்காலத்தில் கூத்து பிரசாரத்துக்கும் பயன்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தது கூத்துக்கு மதிப்பைத் தேடித்தந்தது. விடிய விடிய நடக்கும் வட்டக்களரியை நகரத்தார் மறக்கவும் வழி செய்தது. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பு சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த மீளுருவாக்கம், ஊர்மக்களோடு களரியிலேயே இருந்து, பெண்ணும் சாதியும் பற்றிய கேள்விகளைக் கூத்துக்குள்ளேயே கேட்டது. மாற்றம் வேண்டுமானால் அதைச் செய்யவேண்டியவர்கள் ஆடுகிறவர்கள்தான் என்பதற்கு அது நம் பக்கத்துச் சான்று.

செய்யக்கூடியவை

2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்து, பிரதேச சபைகளில் மக்கள் தெரிவு செய்தவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கொழும்பின் தீர்வுக்குக் காத்திராமல் அவர்களால் தொடக்கக்கூடிய வேலைகள் உண்டு.

ஒவ்வோர் ஊரிலும் கூத்து ஆடப்பட்ட களரி நிலம், கோயில் வீதி, கரைவலைப் பாடு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பொது இடங்களாகச் சபைத் தீர்மானத்தில் பதிவு செய்யலாம். தீர்மானம் துப்பாக்கியைத் தடுக்காது. ஆனால் அடுத்த மின் திட்டத்தின் வரைபடம் வரும்போது "இது வெறும் காணி" என்று சொல்லவிடாது. ஒலிபெருக்கி இல்லாத கூத்துக்குப் பொலிஸ் அனுமதி தேவையில்லை என்பதை எழுத்தில் பெற முயலலாம். உயிரோடு இருக்கும் அண்ணாவிமாரின் நினைவிலுள்ள பாடல்களை ஒலிப்பதிவு செய்வதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை, ஒரு கைத்தொலைபேசி போதும். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் மண்டபம் கட்ட அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை ஒரு பருவத்துக் கூத்துப் பழக்கத்துக்கு, ஆடுகிறவர்களின் கூலியிழப்புக்கு என்று கொடுக்கலாம். மண்டபத்துக்குப் பெயர்ப்பலகை இருக்கும், பழக்கத்துக்கு இராது. அதையும் யோசித்துத்தான் கொடுக்கவேண்டும்.

சம்பூரில் இன்று பத்து வயதாகும் பிள்ளைகள் மீள்குடியேற்றத்தின்போது பிறந்தவர்கள். முகாம் தெரியாத முதல் தலைமுறை. களரியின் ஓரத்தில் குந்தியிருந்து தாளம் பிடிக்கும் வயதில் அவர்கள் இருக்கிறார்கள். கூத்துத் தெரிந்த முதியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். இந்த இருவரும் ஒரே இரவில் ஒரே நிலத்தில் சந்திக்கக்கூடிய காலம் இன்னும் எத்தனை அறுவடைகளுக்கு நீளும் என்று ஊரவர்களே கணக்குப் பார்க்கட்டும்.